சில கிழமைகளில் ஒரு பிள்ளை

சின்ன வயசில குழப்படி செய்த எல்லாருக்கும் இந்த வசனம் ஒரு தடவையாவது கிடைச்சிருக்கும்: "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினது." அழுதிருப்போம், இல்லாட்டி அம்மாட முகத்தையும் நம்மட முகத்தையும் கண்ணாடியில ஒப்பிட்டுப் பார்த்திருப்போம். இன்றைக்கு அது வெறும் பகிடி. ஆனால் அதற்குப் பின்னால் தமிழ் ஊர்களில் உண்மையாகவே இருந்த ஒரு வழக்கம் உண்டு. பிறக்கிற பிள்ளைகள் அடுத்தடுத்துச் செத்துப்போன வீட்டில், அடுத்ததாவது தங்க வேண்டும் என்று, பிறந்த கையோடு பிள்ளையை அயல் வீட்டு மனிசிக்குக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தவிடு கொடுத்துத் திரும்ப "வாங்குவார்கள்". பெயரும் பிச்சை, குப்பை, தவிடன் என்று யாரும் ஆசைப்படாத பெயராக இருக்கும். எமன் வந்து பார்த்தால், இது இவர்கள் பெற்ற பிள்ளை இல்லை, விலைக்கு வாங்கியது என்று ஏமாந்து போக வேண்டும். ஊர் முழுக்கத் தெரிந்த பொய் அது. ஏமாற வேண்டியவன் எமன் ஒருத்தன்தான்.

எண்பதுகளில் இலங்கையில் நடந்தது இதைத் தலைகீழாகப் பிடித்தது போல. விற்பனை நிசமாக நடந்தது. விற்கவில்லை என்று கடதாசி சொன்னது. ஏமாற்றப்பட்டது பிள்ளை. பல நேரம் பெற்றவள். சில நேரம், பால் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு ஹோட்டல் அறையில் விடிய விடிய முழித்திருந்த ஐரோப்பியத் தம்பதியும்.

இந்தக் கட்டுரை அந்தப் பயணங்களைப் பற்றியது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து 1990களின் தொடக்கம் வரை நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, சுவீடன், டென்மார்க், ஜேர்மனி, பிரித்தானியா என்று பல நாடுகளிலிருந்து தம்பதிகள் இங்கே வந்தார்கள். சில கிழமைகள் தங்கினார்கள். கைக்குழந்தையோடு திரும்பிப் போனார்கள். அப்படிப் போன பிள்ளைகள் 11,000 வரை இருக்கலாம் என்று 2017 இல் செய்திகள் மதிப்பிட்டன. அதில் 4,000 பேரளவு நெதர்லாந்துக்கு. சுவிட்சர்லாந்துக்கு 1973க்கும் 1997க்கும் இடையில் 900 பேரளவு.

இந்த விசயத்தைப் பற்றி வருகிற எழுத்தெல்லாம் "கடத்தல்", "வியாபாரம்" என்ற சொற்களோடு முடிந்துபோகிறது. அது உண்மைதான், மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் எனக்குக் குடைகிற கேள்வி வேற. அந்தச் சில கிழமைகளில் அந்த அறைகளில் ஒரு ஒட்டுதல் உண்டானது. பிள்ளைக்கும் புது அம்மா அப்பாவுக்கும் இடையில். அது பொய்யா?

முதலில் நம்ம கரையில் இருந்து தொடங்குவோம். நீர்கொழும்புக்கு வடக்கே மாஓயாவைத் தாண்டினால் புத்தளம் மாவட்டம். வென்னப்புவ, மாரவில, சிலாபம், உடப்பு, முந்தல், பிறகு மேற்கே திரும்பிக் கற்பிட்டி. சிங்களம் பேசும் கத்தோலிக்கர், தமிழ் பேசும் முஸ்லிம்கள், உடப்பின் இந்துத் தமிழர் என்று ஒரே கடலைப் பார்த்துக்கொண்டு மூன்று விதமான வீடுகள். இந்த மூன்று விதமான வீட்டிலும் "எடுத்து வளர்த்த பிள்ளை" உண்டு. அக்காவுக்குப் பிள்ளை இல்லையென்று தங்கச்சி தன் மூன்றாவதைக் கொடுப்பது, கடலுக்குப் போய்த் திரும்பாத மச்சானின் பிள்ளையை வீட்டோடு சேர்த்துக்கொள்வது எல்லாம் இங்கே பெரிய செய்தி இல்லை. பெத்தம்மா யார், வளத்தம்மா யார் என்று பிள்ளைக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும்.

முஸ்லிம் வீடுகளில் இதற்கு மார்க்கத்தின் வரையறையே உண்டு. அநாதையை வளர்ப்பது பெரிய நன்மை. ஆனால் வளர்த்தவர் தன்னை வாப்பா என்று பதிந்து, பிள்ளையின் சொந்த வாப்பாவின் பெயரை அழிக்க முடியாது. பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயரால் அழையுங்கள் என்பதுதான் குர்ஆனின் கட்டளை. அதே நேரத்தில் பால் உறவு என்று ஒன்று இருக்கிறது. இரண்டு வயதுக்குள் ஒரு பெண்ணிடம் பால் குடித்த பிள்ளைக்கு அவள் பால்குடித் தாய். அவளுடைய பிள்ளைகள் உடன்பிறப்புகள், கலியாணம் முடிக்க முடியாத அளவுக்கு. ஒட்டுதலுக்கும் இரத்தத்துக்கும் தனித்தனிப் பெயர், தனித்தனி இடம்.

உடப்பில் ஆடியில் திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கிறார்கள். அந்தத் திருவிழா சுமந்துவருகிற பாரதக் கதைக்குள் நம் எல்லாருக்கும் தெரிந்த தத்துப்பிள்ளை ஒருத்தன் இருக்கிறான். கலியாணத்துக்கு முன்னம் பெற்றதால் குந்தி பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட கர்ணன். தேரோட்டியும் அவன் மனைவி ராதையும் வளர்த்தார்கள். யுத்தத்துக்கு முன்னம் குந்தி வந்து நான்தான் அம்மா என்று சொன்னபோது கர்ணன் அவளை ஏற்றுக்கொண்டான், ஆனால் பக்கம் மாறவில்லை. எங்கட ஆச்சிமார் இந்தக் கதையில் அழுவது குந்திக்கா, ராதைக்கா, கர்ணனுக்கா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. மூன்று பேருக்குமாக இருக்கலாம்.

இன்னொன்று. யாழ்ப்பாணத்துத் தேசவழமையை 1707 இல் எழுத்தில் தொகுத்தவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி. அதில் பிள்ளை தத்தெடுக்கும் முறை இருக்கிறது. தத்தெடுப்பவர்கள் உறவினர் முன்னிலையில் மஞ்சள் நீர் குடிக்க வேண்டும். அதற்கு முன்னம், அவர்களின் சொத்துக்கு உரிமைக்காரரான சொந்தங்கள் அந்த நீரில் விரலைத் தோய்த்துச் சம்மதம் காட்ட வேண்டும். சொத்துக்காகத்தான் இந்த ஏற்பாடு, அன்புக்காக இல்லை என்று சொல்லலாம், சரி. ஆனால் எத்தனை பேர் சாட்சி, எத்தனை விரல் என்று பாருங்க. இதை எழுதிவைத்த நாட்டுக்குத்தான் 270 வருசம் கழித்து, ஒரு கைநாட்டோடு, ஆயிரக்கணக்கான பிள்ளைகள் போனார்கள்.

சட்டம் என்று பார்த்தால், பிரித்தானியர் காலத்தில் வந்த 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கப் பிள்ளைகளை மகவேற்றல் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. மகவேற்பு என்பது நம் சட்டத் தமிழில் மட்டும் வாழும் சொல், ஆனால் அழகான சொல். பெற்றவரின் சம்மதம் வேண்டும், மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளை வேண்டும். உள்ளூர்க் குடும்பங்களை மனதில் வைத்து எழுதிய சட்டம். விமானத்தில் வந்து இறங்கும் தம்பதியை 1941 இல் யாரும் யோசிக்கவில்லை.

பிறகு இரண்டு பக்கமும் உலகம் மாறியது. ஐரோப்பாவில் கருத்தடை மாத்திரை வந்தது, கருக்கலைப்பு சட்டபூர்வமானது, திருமணமாகாத தாய்க்கு அரச உதவி கிடைத்தது. தத்துக் கொடுக்கப்படும் உள்ளூர்க் குழந்தைகள் குறைந்துபோனார்கள், பிள்ளை வேண்டும் என்ற தம்பதிகள் குறையவில்லை. இங்கே 1977 இல் திறந்த பொருளாதாரம். கடற்கரை முழுக்க ஹோட்டல்கள். 1978 இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம், கிராமங்களிலிருந்து தனியே வந்து போர்டிங்கில் தங்கி வேலை செய்யும் இளம் பெண்கள். மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகப் போகிறவர்கள். கருக்கலைப்போ, தாயின் உயிரைக் காக்க மட்டும் என்று 1883 இன் தண்டனைச் சட்டக்கோவை எழுதிவைத்த இடத்திலேயே நின்றது, இன்றைக்கும் நிற்கிறது. கலியாணமாகாமல் பெற்றவளுக்கு வீட்டில் இடமில்லை. இந்த நிலைமைக்குள் தரகர், ஆஸ்பத்திரி ஊழியர், சட்டத்தரணி, ஹோட்டல்காரர், வாகனச் சாரதி என்று ஒரு சங்கிலி உருவாக எத்தனை நாள் எடுக்கும்?

பயணம் பெரும்பாலும் இப்படி இருந்தது. வருசக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். பிள்ளை ஒன்று இருக்கு, வாங்க. இரண்டு பேரும் நேரில் நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்பதால் இருவரும் கிளம்புவார்கள். கொழும்பிலோ கரையோர விடுதி ஒன்றிலோ அறை. வந்து இறங்கிய ஓரிரு நாளிலேயே, சில நேரம் அன்றைக்கே, பிள்ளை கைக்கு வந்துவிடும். வழக்கு முடிய, கடவுச்சீட்டு, விசா எல்லாம் கிடைக்கச் சில கிழமைகள். அதுவரைக்கும் நுளம்பு வலைக்குள் மூன்று பேர்.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பிள்ளைக்கு வயது சில கிழமைகள், கூடினால் இரண்டு மூன்று மாதம். எடை குறைவு, வயிற்றோட்டம், தோல் முழுக்க வேர்க்குரு. அவர்களுக்குப் பழக்கமில்லாத வெக்கை. கொதித்தாறிய தண்ணீர் எங்கே, பால்மா எத்தனை கரண்டி என்று ஹோட்டல் சமையலறைப் பெண்ணிடம் சைகையில் கேட்டுப் பழகுகிறார்கள். பெரும்பாலும் அவள்தான் பிள்ளையைத் தோளில் போட்டு ஏவறை எடுக்கக் காட்டிக் கொடுத்திருப்பாள். இரவு முழுக்க முறை வைத்து நடக்கிறார்கள். ஒரு நாள் பிள்ளை அழுகையை நிறுத்தி முகத்தைப் பார்க்கிறது. அந்தப் பார்வையில் இவர்கள் அம்மா அப்பாவாக ஆகிவிடுகிறார்கள். சட்டப்படி ஆக இன்னும் ரெண்டு கிழமை இருக்கு, ஆனா அது யாருக்கு வேணும்?

இந்தப் பயணங்களின் அல்பங்கள் ஒன்றைப்போல் ஒன்று இருக்கின்றன. தென்னை மரம், நீச்சல் தடாகம், துவாயில் சுற்றிய கறுப்புக் கைக்குழந்தை, வெயிலில் சிவந்த வெள்ளைத் தோள். பிறகு ஒரு படம், நீதிமன்றத்துக்கு வெளியே எடுத்தது. சேலையோ பாவாடை சட்டையோ உடுத்த ஒரு இளம் பெண் கமெராவைப் பார்க்காமல் நிற்கிறாள். "இதுதான் உன்னைப் பெற்ற அம்மா." பல பிள்ளைகளுக்குப் பெற்றவளைப் பற்றி இருந்த ஒரே ஆதாரம் அந்த ஒற்றைப் படம்.

இங்கே விஞ்ஞானம் உள்ளே வருகிறது, அதுவும் எதிர்பாராத வழியில். ஒரு பிள்ளைக்கு முதலில் கிடைக்கிற ஒட்டுதல் எவ்வளவு முக்கியம் என்று உலகச் சுகாதார நிறுவனத்துக்காக 1951 இல் அறிக்கை எழுதியவர் ஜோன் பௌல்பி. அவரோடு வேலை செய்த மேரி எயின்ஸ்வர்த் அதை அளக்க ஒரு முறை கண்டுபிடித்தார். ஒரு வயதுப் பிள்ளையோடு அம்மா ஒரு புது அறையில் இருப்பார், அந்நிய ஆள் ஒருவர் வருவார், அம்மா எழும்பிப் போவார், கொஞ்சத்தில் திரும்புவார். திரும்பி வரும்போது பிள்ளை என்ன செய்கிறது என்பதுதான் பரிசோதனை. ஓடிவந்து ஒட்டி ஆறுதல் ஆகுதா, கோபத்தில் தள்ளுதா, கண்டுகொள்ளாமல் இருக்குதா.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் ஃபெமி யுஃபர் என்ற ஆய்வாளர் எண்பதுகளின் நடுப்பகுதியில் மகவேற்புக் குடும்பங்களை வைத்து ஒரு ஆய்வு தொடங்கினார். ஆறு மாதத்துக்கு முன்னமே நெதர்லாந்துக்குக் கொண்டுபோகப்பட்ட பிள்ளைகள். தொடக்கத்தில் அவர்கள் வந்த இரண்டு நாடுகள் இலங்கையும் தென்கொரியாவும், பிறகு கொலம்பியாவும் சேர்ந்தது. ஆய்வாளர் வீட்டுக்குப் போய், அம்மாவும் பிள்ளையும் சேர்ந்திருப்பதை வீடியோ எடுத்து, பிறகு அதை அம்மாவுக்கே போட்டுக் காட்டுவார். பாருங்க, இந்த இடத்தில பிள்ளை உங்களைத் தேடுது, இந்த இடத்தில நீங்க சிரிச்சதும் அதுவும் சிரிக்குது. இந்த முறை பிற்பாடு வளர்ந்து இன்றைக்குப் பல நாடுகளில் பெற்றோருக்கு உதவும் முறையாகப் பரவியிருக்கிறது. அதாவது, உலகம் ஒட்டுதலைப் பற்றிக் கற்றுக்கொண்ட பாடத்தில் ஒரு பங்கு நம்மட நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக் கற்றது. இது எத்தனை பேருக்குத் தெரியும்?

முடிவு என்ன? அவ்வளவு சின்ன வயதில் போன பிள்ளைகள் வளர்ப்புத் தாயோடு மற்றப் பிள்ளைகள் போலவே நன்றாக ஒட்டியிருந்தார்கள். உறுதியான ஒட்டுதல் பிறந்து ஆறேழு மாதத்தில்தான் ஒரு முகத்தின்மேல் நிலைகொள்கிறது என்பதால் இது ஆச்சரியமும் இல்லை. ஆகவே என் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அந்த அறைகளில் உண்டானது பொய்யில்லை. அளந்து பார்த்தாலும் உண்மை.

ஆனால் கமெரா போன பக்கத்தை மட்டும்தான் அளந்தது. பெற்றவளின் வீட்டுக்கு யாரும் வீடியோ கமெராவோடு போகவில்லை. பிறந்த குழந்தை தன் தாயின் குரலை மற்றப் பெண்களின் குரலிலிருந்து பிரித்தறியும் என்று அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் 1980 இல் ஆய்வு செய்து காட்டியிருந்தார்கள். அந்தக் குரல் திடீரென்று நின்றுபோவது பிள்ளைக்கு என்ன, பால் கட்டிய மார்போடு பஸ் ஏறி வீட்டுக்குப் போனவளுக்கு என்ன என்று யாரும் கேட்கவில்லை. அவள் சம்மதித்துவிட்டாள், கையெழுத்து இருக்கிறது. முடிஞ்சுது.

கையெழுத்துத்தான் பிரச்சினை. 1987 இல் பொலிஸ் ஒரு "குழந்தைப் பண்ணையை" முற்றுகையிட்டபோது, சிறை போன்ற நிலைமையில் 22 பெண்களும் 20 பச்சைக் குழந்தைகளும் இருந்தார்கள். வெளிநாட்டு மகவேற்பு தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. பிறகு மெல்ல மெல்ல மற்றவை வெளியே வந்தன. பிள்ளை செத்துப் பிறந்தது என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பப்பட்டதாகச் சொல்லும் தாய்மார். பிறப்புப் பதிவில் வேறு பெயர், வேறு ஊர். எல்லாவற்றிலும் மோசமானது, நீதிமன்றத்தில் அம்மாவாக வந்து நின்றவள் அம்மாவே இல்லை. கொஞ்சக் காசுக்குக் கூட்டிவரப்பட்ட நடிப்புத் தாய். அல்பத்தில் கமெராவைப் பார்க்காமல் நின்ற அந்தப் பெண்ணை இப்போ திரும்பப் பாருங்க.

சட்டங்களை நான் இலக்கியம் மாதிரி வாசிக்கிற ஆள். ஒரு சட்டம் எதைத் தடை செய்கிறதோ அது நடந்திருக்கிறது என்று அர்த்தம். 1992 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், வெளிநாட்டவருக்கான மகவேற்பை நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தின் வழியாக, பதிவுபெற்ற இல்லங்களில் உள்ள பிள்ளைகளுக்கு என்று சுருக்கியது. 1995 இல் தண்டனைச் சட்டக்கோவையில் 360இ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. அதில் குற்றம் என்று அடுக்கியிருப்பதைப் பாருங்க: பிறக்காத பிள்ளையைத் தத்துக் கொடுக்கக் கர்ப்பிணியிடம் காசு கொடுத்துச் சம்மதம் எழுதி வாங்குவது, பிள்ளை பெற்றுத்தரப் பெண்களைச் சேர்ப்பது, பிறப்புப் பதிவைப் பொய்யாக மாற்ற விடுவது, ஆஸ்பத்திரியிலும் காப்பகத்திலும் காசு கொடுத்தோ மிரட்டியோ பிள்ளையை எடுப்பது, தாயாக ஆள்மாறாட்டம் செய்வது. தாயாக ஆள்மாறாட்டம் செய்யாதே என்று ஒரு நாடு சட்டம் எழுத வேண்டி வந்திருக்கிறது. அந்த ஒரே பிரிவே எண்பதுகளின் முழு வரலாறும்தான். அதே 1995 இல் நாடுகளுக்கிடையிலான மகவேற்புக்கான ஹேக் சமவாயத்திலும் இலங்கை சேர்ந்தது.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். இப்போது நாற்பது வயதை ஒட்டியவர்கள். இவர்களில் பலர் திரும்பி வருகிறார்கள். கட்டுநாயக்கவில் இறங்கும்போது குடிவரவு அதிகாரி சிங்களத்திலோ தமிழிலோ பேசத் தொடங்குவார். இவர்கள் ஒல்லாந்த மொழியிலோ சுவிஸ் ஜேர்மனிலோ முழிப்பார்கள். தோளில் பை, கையில் கோப்பு, கோப்பில் ஒரு பிறப்புச் சான்றிதழ். அதில் உள்ள ஊருக்குப் போய், பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். அப்படி ஒருத்தி அங்கே இருந்ததேயில்லை. அல்லது இருக்கிறாள், ஆனால் டிஎன்ஏ பொருந்தவில்லை.

அம்மா கிடைத்தவர்களுக்கும் வேலை லேசாக முடிவதில்லை. அவளுக்கு வேறு கலியாணம், வேறு பிள்ளைகள், ஊருக்கு மறைத்த நாற்பது வருசம். சந்திப்பு சில நேரம் வீட்டில் வைக்க முடியாமல், ஒரு கோயில் வாசலிலோ தேத்தண்ணிக் கடையிலோ நடக்கும். நடுவில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர், பெரும்பாலும் ஆண். நீ ஏன் என்னைக் கொடுத்தாய் என்ற கேள்வியை அவர் எந்தச் சொல்லில் மாற்றுவார் என்று யோசித்துப் பாருங்க. நம்ம மொழியில் அது குற்றச்சாட்டாகத்தான் விழும். அவர்களுடைய மொழியில் அது வெறும் தகவல் கேட்பதாகக்கூட இருக்கலாம். அவள் சோறு குழைத்து ஊட்டுகிறாள், நாற்பது வயது மனிசனுக்கு. அவன் வாய் திறக்கிறான். அதுக்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

பிறகு நாள்கள் போகும். வட்ஸ்அப்பில் படம், இமோஜி, இடையில் கூரைத் தகரம் மாற்றக் காசு தேவை என்று ஒரு செய்தி. வந்தவர் தடுமாறுவார்: என்னைத் தேடுகிறாளா, என் காசையா? நாம் வளர்ந்த வீடுகளில் இந்தக் கேள்வியே வராது. வெளிநாட்டில் இருக்கிற மகன் வீட்டுக்குக் கூரை போடுவது அன்பு இல்லாமல் வேற என்ன? அவள் கேட்பது அவனை மகனாக எடுத்துக்கொண்டதால்தான். ஆனால் இதை அவனுக்குச் சொல்லிக் கொடுக்க அந்தச் சமயத்தில் பக்கத்தில் யாரும் இருப்பதில்லை. சுவிட்சர்லாந்தில் "பேக் டு த ரூட்ஸ்" என்ற பெயரில், இலங்கையிலிருந்து போன பிள்ளைகளே சேர்ந்து உருவாக்கிய சங்கம் தேடலோடு நின்றுவிடாமல் இந்த மாதிரி விசயங்களிலும் துணை நிற்கப் பார்க்கிறது. நெதர்லாந்திலும் அப்படியான அமைப்புகள் உண்டு.

இந்த இடத்தில் நம்ம கரைக்காரருக்கு ஒன்று சொல்ல வேண்டும். வென்னப்புவ பக்கம் இத்தாலிக்கும், புத்தளம், கற்பிட்டிப் பக்கம் குவைத்துக்கும் சவூதிக்கும் அம்மாமார் போய், உம்மம்மாவிடம் வளர்ந்த பிள்ளைகள் நம்மட வகுப்பிலேயே இருந்தார்கள். ரெண்டு வருசம் கழித்து லீவில் வந்த உம்மாவைக் கண்டதும் உம்மம்மாவின் பின்னால் ஒளிகிற பிள்ளையை நாம எல்லாரும் பார்த்திருக்கிறோம். பெரிய பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, "வாங்க தங்கம்" என்று அவள் கூப்பிட்டு நிற்கிற நிற்பும் தெரியும். ஒட்ட ஒரு கிழமை எடுக்கும், ஒட்டி முடிய லீவு முடிஞ்சிடும். எண்பதுகளின் கதை நமக்குத் தூரத்துக் கதை இல்லை என்று சொல்வது இதனால்தான். ஒரு வித்தியாசம் உண்டு, அதைக் குழப்பக்கூடாது. இந்தப் பிள்ளைக்கு உம்மா யார் என்று தெரியும். பெயர் தெரியும், நம்பர் தெரியும், வீடியோ கோலில் கோபித்துக்கொள்ளக்கூட முடியும்.

அரசுகள் என்ன செய்தன? 2017 இல் நெதர்லாந்தின் "ஸெம்ப்லா" என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி இதைப் பெரிதாக வெளிக்கொண்டுவந்தது. அந்த நிகழ்ச்சியில் அன்றைய சுகாதார அமைச்சர் ராஜித சேனாரத்ன நடந்ததை ஒப்புக்கொண்டு, தாய்மாரையும் பிள்ளைகளையும் சேர்த்துவைக்க டிஎன்ஏ வங்கி ஒன்று அமைப்பதாகச் சொன்னார். சுவிஸ் அரசு ஆய்வு செய்வித்து, 2020 இல் தன் அதிகாரிகள் தெரிந்தும் சும்மா இருந்ததற்கு வருத்தம் தெரிவித்தது. நெதர்லாந்தில் யௌஸ்ட்ரா குழு 1967 முதல் 1998 வரையான காலத்தை ஆராய்ந்தது. இலங்கையோடு பங்களாதேஷ், இந்தோனேசியா, கொலம்பியா, பிரேசில். 2021 பெப்ரவரியில் அறிக்கை வந்த அன்றே அரசு மன்னிப்புக் கேட்டு, வெளிநாட்டு மகவேற்பை நிறுத்திவைத்தது. பிறகு 2024 இல் படிப்படியாக முழுதாகவே முடித்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். சுவிஸ் அரசும் 2025 ஜனவரியில் அதே திசையில் போக விரும்புவதாக அறிவித்தது.

தடை சரியா என்பதில் எனக்கு இரண்டு மனசு. ருமேனியாவில் 1989 க்குப் பிறகு அநாதை இல்லங்களிலிருந்து பிரித்தானியாவுக்குப் போன பிள்ளைகளை மைக்கல் றட்டர் குழுவினர் வருசக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். ஆறு மாதத்துக்கு முன்னம் அங்கிருந்து வெளியேறியவர்கள் பெரும்பாலும் மீண்டார்கள், தாமதமாக வெளியேறியவர்களில் பலர் மீளவில்லை. யாரும் தூக்காத தொட்டிலில் கிடப்பதைவிட யாராவது தூக்குவது மேல்தான். ஆனால் இலங்கையில் எண்பதுகளில் போன பிள்ளைகளில் பலர் அப்படியான தொட்டிலில் கிடக்கவில்லை. ஆள் வந்ததால் பிள்ளை தேடப்பட்டது. காசு வந்த திசையில் தொட்டில்கள் உண்டாக்கப்பட்டன. இந்த இரண்டையும் ஒரே "தத்தெடுப்பு" என்ற சொல்லுக்குள் போட்டுப் பேசுகிறபோதுதான் விவாதம் எல்லாம் வழுக்குகிறது.

வளர்த்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்தச் சம்மதம் போலி என்று தெரிய வந்தபோது அவர்களில் சிலர் உடைந்துபோனார்கள், சிலர் நம்ப மறுத்தார்கள், சிலர் பிள்ளையோடு சேர்ந்தே பெற்றவளைத் தேட இங்கே வந்தார்கள். மூன்றாவது வகையினர்தான் எனக்குப் பெரிய ஆச்சரியம். எழுபது வயதில், மூட்டு வலியோடு, பழைய அல்பத்தைத் தூக்கிக்கொண்டு, தங்கின ஹோட்டலைத் தேடி, அன்றைக்குப் பால்மா கரைக்கச் சொல்லிக் கொடுத்த பெண்ணையாவது யாருக்காவது தெரியுமா என்று கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

நேரம் குறைவு. 1982 இல் இருபது வயதில் பெற்றவளுக்கு இப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். கணவன் இறந்த பிறகுதான் வாய் திறக்க முடிந்தவர்களும் இருக்கிறார்கள். டிஎன்ஏ மாதிரி எடுக்க ஊசி தேவையில்லை, வாய்க்குள் ஒரு பஞ்சுக்குச்சியைத் தடவி எடுத்தால் போதும். அதை எடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிற வேலையை இன்றைக்குப் பெரும்பாலும் செய்வது தொண்டர்கள். தேடுகிறவர்கள் வைக்கும் அறிவித்தல்களில் பலவும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருக்கின்றன. தமிழில் வாசிக்கிற ஒரு ஆச்சி, கற்பிட்டியிலோ முந்தலிலோ, தன்னைத்தான் தேடுகிறார்கள் என்று எப்படி அறிவாள்? மொழிபெயர்க்கத் தெரிந்த பிள்ளைகள் இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள்.